இழுத்துப் பின்னினால் நிற்காது: ஜடை பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சனிக்கிழமை பிற்பகல்களில் என் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பெண்கள் ஜடை பின்னப் பழகுகிறார்கள். மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாகக் கற்க வந்தவர்கள் சிலர். மகளின் நடன நிகழ்ச்சிக்குத் தாமே பின்னிவிட விரும்பி வந்த தாய்மார்கள் சிலர். சென்ற வாரம் ஒருவர் தன் மகளின் முன்நெற்றி முடியை இரண்டு கைகளாலும் வாரிப் பின்னோக்கி இழுத்தார். குழந்தையின் புருவங்களே மேலேறிவிட்டன. "பாருங்கள் அக்கா, ஒரு முடி கூடப் பிசிறவில்லை" என்றார் பெருமையாக. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பெருமையோடு நின்றிருக்கிறேன்.

சிக்கு எடுக்காமல் பின்னுவது, வகிடு கோணிப்போவது, பின்னலின் கால்களை, அதாவது முடிப் பிரிவுகளை, சமமாகப் பிரிக்காதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை கண்ணாடியில் பார்த்ததுமே தெரிந்துவிடும். நாலு நாளில் கை தானாகத் திருந்திவிடும். உடனே கண்ணில் படாத தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குனிய வைத்துப் பின்னுவது

பிடரி எட்டவில்லை என்று பிள்ளையின் தலையைக் கீழே அழுத்திவிட்டுப் பின்னுகிறார்கள். தலை நிமிர்ந்ததும் பிடரியில் முடி தொளதொளவென்று தொங்கும். அண்ணாந்து பார்க்க வைத்துப் பின்னினால் நேர் எதிர்: குனியும்போதெல்லாம் பிடரி சுண்டி இழுக்கும். தலை நேராக இருக்கட்டும். நீங்கள் மணை போட்டு உட்காருங்கள், அல்லது பிள்ளையை ஸ்டூலில் உட்கார வையுங்கள். பின்னும் கை கழுத்தை ஒட்டியே இறங்க வேண்டும். கையைத் தள்ளிப் பிடித்துப் பின்னினால் முதல் இரண்டு மடிப்புகள் புடைத்து நிற்கும்; அதை மறைக்கப் பூவைச் செருகுவது தீர்வாகாது.

ஈரத் தலை

பின்னாதீர்கள். நீரில் ஊறிய முடி ரப்பர்போல் நீண்டு அறும்.

வேரில் இழுப்பது

என் அக்கா மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அரங்கேற்றத்துக்கு முன் இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள், முழு அலங்காரத்தோடு ஒத்திகை. பின்னிவிட்டது நான். சவுரி என்னும் ஒட்டுமுடி வைத்து, பின்தலையில் ராக்கொடி என்னும் வட்ட நகை பொருத்தி, பின்னல்மேல் ஜடை வில்லை கட்டி, நுனியில் குஞ்சலம். அடவு முடிந்து சுழலும்போது ஜடை அசையக் கூடாது என்பதற்காக நெற்றியோரத்திலிருந்தே வலித்து இழுத்தேன். "தலை வலிக்கிறது சித்தி" என்று சொன்னாள். பழகிவிடும் என்றேன். கன்னப்பொறி ஓரத்தில் சிறு சிறு சிவப்புக் கொப்புளங்கள் வந்தன. வேர்வைக் கொப்புளம் என்று நினைத்து எண்ணெய் தடவினேன். அரங்கேற்றம் முடிந்து ஜடையை அவிழ்த்தபோது, இரு பக்கமும் கன்னப்பொறிக்கு மேல் தோல் தெரிந்தது.

தோல் மருத்துவர் பார்த்த உடனே சொன்னார்: தொடர்ந்து இழுபட்டதால் வந்த முடியிழப்பு. இழுப்பதைச் சீக்கிரம் நிறுத்தினால் முடி திரும்ப வளரும். நாள்பட்டு வேர்ப்பை தழும்பாகிவிட்டால் வளராது. அவளுக்கு இடப்பக்கம் ஓராண்டில் நிறைந்துவிட்டது. வலப்பக்கத்தில் ஓர் அங்குல இடம் இன்றும் மெலிந்தே இருக்கிறது. அவள் இதுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் "இறுக்கிப் பின்னினால்தான் முடி நீளமாக வளரும்" என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. முடி வேரில் வளர்கிறது, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். பின்னலின் இறுக்கம் அதில் ஒரு நூலளவு கூடச் சேர்க்காது.

பின்னல் நிற்பது கால்கள் ஒன்றையொன்று சமமாகக் கவ்விக்கொள்வதால். ஆகவே தலையை ஒட்டிய முதல் இரண்டு மடிப்புகளை இளக்கமாக விடுங்கள், மூன்றாவதிலிருந்து இறுக்குங்கள். இறுக்கும்போது கால்களைப் பக்கவாட்டில் விரித்து இழுங்கள், கீழ்நோக்கி இழுக்காதீர்கள். முன்நெற்றிப் பிசிறுகளுக்கு விரலில் துளி தேங்காய் எண்ணெய் போதும். முடித்ததும் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் சுண்டினால், நேரமாகிவிட்டது என்று பார்க்காமல் அவிழ்த்து மறுபடி பின்னுங்கள்.

சவுரியின் கனத்தைப் பிடரியில்தான் இறக்க வேண்டும். சொந்த முடியைப் பிடரியில் சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டி, அந்தக் கட்டின்மேல் சவுரியின் கண்ணியை மாட்டி, கொண்டை ஊசிகளைக் குறுக்கும் மறுக்குமாகச் செருகுங்கள். பிறகு மூன்று கால்களிலும் சொந்த முடி கலந்திருக்கும்படி பின்னுங்கள். ஆடுகிறவளுக்கு ஜடையை இடுப்பில் ஒட்டியாணத்துக்குள் அடக்கிவிட வேண்டும். குஞ்சலம் வீசி ஆடினால் ஒவ்வொரு சுழற்சியும் வேரைத்தான் பிடித்து இழுக்கும். மார்கழியில் அடுத்தடுத்து நிகழ்ச்சி இருக்கும் பெண்களுக்கு நடுவில் உள்ள நாட்களில் தளர்ந்த ஒற்றைப் பின்னல் மட்டும் போடுங்கள். ஒத்திகைக்குச் சவுரி வேண்டவே வேண்டாம்.

பூ ஜடை

கோடை விடுமுறையில் மல்லிகை மலிந்ததும் சிறுமிகளுக்குப் பூ தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து ஸ்டூடியோவில் படம் எடுத்த வீடுகள் எத்தனை! எனக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது. அந்த அழகை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் பூ வாடாதிருக்க மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதை விடுங்கள். ஈரம் ஏறிய பூ ஜடை குழந்தையின் கழுத்துக்கு அதிகப் பாரம். மொட்டுகளை முதலில் வாழைப்பட்டையில் தைத்துக்கொண்டு, அதைப் பின்னலோடு நூலால் கட்டுங்கள். முடியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அவிழ்க்கும்போது கத்திரிக்கோல் வெட்டுவது நூலையா முடியையா என்று தெரியாது. வளைகாப்புக்கு உட்காரும் பெண்ணுக்கு ஜடையைப் பாதி நீளத்தோடு நிறுத்துங்கள். மணிக்கணக்கில் அமர்ந்திருக்கப்போகிறவள் அவள்.

ரப்பர் பேண்ட்

துணி சுற்றியது மட்டும்.

ஆள் தலையில் பழகுவது

நான்கு கால், ஐந்து கால் பின்னலை நேராகத் தலையில் தொடங்கினால் நடுவில் எந்தக் கால் எங்கே என்று குழம்பும். குழம்பியவுடன் கை இழுக்கத் தொடங்கும். வெவ்வேறு நிறக் கம்பளி நூல்களை ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகுங்கள். நிறத்தைப் பார்க்காமல் விரல் வழி தெரியும்வரை தலைக்குப் போகாதீர்கள். மீன்முள் பின்னலில் ஓரத்திலிருந்து எடுக்கும் இழை மெல்லியதாக இருக்க வேண்டும். அவசரத்தில் தடித்த இழையாக எடுப்பதால்தான் அது சாதாரணப் பின்னல்போலத் தெரிகிறது. உச்சியிலிருந்து முடி சேர்த்துக்கொண்டே வரும் பின்னலில், ஒவ்வொரு காலும் நடுவுக்கு வருவதற்குச் சற்று முன் அதன் பக்கத்து முடியைச் சேர்க்க வேண்டும். தாண்டிய பிறகு சேர்த்தால் இடுக்கு விழும்.

அவிழ்ப்பது

நள்ளிரவில் மண்டபத்திலிருந்து திரும்பி, தூக்கக் கலக்கத்தில், மேலிருந்து பிய்த்து எடுக்கிறார்கள். நுனியிலிருந்து தொடங்குங்கள்: குஞ்சலம், வில்லை, நூல், ஊசிகள், கடைசியாகச் சவுரி. செருகும்போதே ஊசிகளை எண்ணிக்கொள்ளுங்கள். பதினெட்டு வைத்திருந்தால், குழந்தை தலையணையில் படுப்பதற்குள் பதினெட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.