ஒன்பது பேர், ஒரே ரயில் பாதை: டோக்கியோவில் ஒரு நாள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் டோக்கியோவைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. போன ஏப்ரலில் அப்பா, அம்மா, அத்தை, மாமா, சித்தி வீட்டார் என்று என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அத்தைக்கு முழங்கால் வலி, சித்தி பையனுக்கு எட்டு வயது. இப்படி ஒரு கூட்டத்தோடு கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நடுவில் ரயில் மாறாதீர்கள். ஷின்ஜுகு நிலையத்துக்கு மட்டும் இருநூறுக்கு மேல் வாசல்கள். அங்கே ஒருவர் பிரிந்தால் அந்த நாளே போச்சு.

அதனால் கின்சா லைன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1927இல் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இது. இன்று அசகுசாவிலிருந்து ஷிபுயா வரை 19 நிலையங்கள். பார்க்க வேண்டியதில் பாதி இந்த வழியிலேயே இருக்கிறது. சுய்கா, பாஸ்மோ போன்ற ரயில் கட்டண கார்டு ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. முதல் நாள் இரவே எல்லாவற்றிலும் பணம் ஏற்றிவிடுங்கள்.

காலை எட்டு மணிக்கு அசகுசா. நகமிசே தெருவில் கடைகள் திறந்திருக்காது, ஆனால் மூடிய ஷட்டர்களில் வரைந்திருக்கும் ஓவியங்களை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும். கமினாரிமொன் வாசலில் தொங்கும் சிவப்பு விளக்கு 3.9 மீட்டர் உயரம், சுமார் 700 கிலோ. எல்லாரும் எதிரில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், ஒரு டிராகன் செதுக்கியிருக்கும். சென்சோஜி கோயிலில் 100 யென் போட்டு, உலோகப் பெட்டியைக் குலுக்கினால் ஒரு குச்சி வரும். அதிலுள்ள எண்ணுக்குரிய இழுப்பறையில் பலன் சீட்டு. இங்கே கெட்ட பலன் அடிக்கடி வரும். அம்மாவுக்கு அதுதான் வந்தது, முகம் வாடிவிட்டது. பக்கத்தில் இருக்கும் கம்பியில் சீட்டைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சொன்னதும்தான் தெளிந்தார்.

அப்புறம் உவேனோ பூங்கா. மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். சைவக்காரர்களுக்கு இங்கே கடைச் சாப்பாடு சிரமம். காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். தெருவில் குப்பைத் தொட்டி அபூர்வம், ஒரு காலிப் பையும் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை.

உவேனோவில்தான் மாமாவை விட்டுவிட்டோம். படம் எடுத்துக்கொண்டிருந்தார், ரயில் கதவு மூடிவிட்டது. அவர் எங்களைத் தேடி மேலே ஏற, நாங்கள் அவரைத் தேடித் திரும்ப, நாற்பது நிமிடம் பதறினோம். அன்றிலிருந்து காலையிலேயே எல்லாரையும் இந்த விதியை ஒப்பிக்க வைக்கிறேன்: விட்டுப்போனவர் நின்ற இடத்திலேயே நின்று அடுத்த ரயிலில் ஏற வேண்டும், முன்னால் போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும். சில நிமிடத்தில் ரயில் வரும், அதே கதவு நமக்கு நேரே திறக்கும்.

மெய்ஜி கோயில் அழகுதான், ஆனால் சரளைக்கல் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் இருந்தால் விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு மதியம் என்றால் கின்சாவில் இறங்கலாம். பெரிய தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நடுச்சாலையில் குழந்தைகள் ஓடலாம்.

இருட்டும் நேரத்தில் ஷிபுயா. எஜமான் இறந்த 1925 முதல் தான் சாகும் 1935 வரை நிலையத்துக்கு வந்து காத்திருந்த ஹச்சிகோ என்ற நாயின் சிலை அங்கே இருக்கிறது. அத்தை அதன் முன்னங்காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். பெரிய கிராசிங்கை இரண்டிரண்டு பேராகக் கடந்து, எதிர்ப்புறம் ஒரு கடை வாசலைக் குறித்துவைத்துச் சேருங்கள்.

திரும்பும்போது ஷிபுயாதான் முதல் நிலையம். கூட்டமாக இருந்தால் ஒரு ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததற்கு வரிசையில் முதலாக நில்லுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு உட்கார இடம் கிடைத்துவிடும்.