கிபியோன் விண்கல்: காமசைட்டா டேனைட்டா? எலக்ட்ரான் விளிம்பு விளைவில் பிரித்தறியும் முறை

நமீபியாவில் விழுந்த கிபியோன் இரும்பு விண்கல்லில் சுமார் 8% நிக்கல் உண்டு. பளபளப்பாகத் தேய்த்த வெட்டுமுகத்தில், எத்தனாலில் 2% நைட்ரிக் அமிலம் கலந்து தடவினால் விட்மன்ஸ்டாட்டன் கோலம் எழும்பி வரும். அகலமான பட்டைகள் காமசைட், அவற்றுக்கு நடுவே மெல்லிய நாடாவாக ஓடுவது டேனைட். இரண்டுமே இரும்பு-நிக்கல் கலவைகள், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. காமசைட் பொருள்மையக் கனசதுரம், பக்கம் 2.87 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). டேனைட் முகப்புமையக் கனசதுரம், பக்கம் 3.58.

முதலில் மாதிரி. இரண்டும் சந்திக்கும் எல்லையைக் குறுக்காக வெட்டி, குவி அயனிக்கற்றையால் 100 நானோமீட்டருக்கும் மெல்லிய தகடாக எடுங்கள். அமிலத்தில் கரைத்து மெலிதாக்கும் பழைய முறையை நான் விட்டுவிட்டேன். மாதிரி பெரிதாக இருந்தால் அதன் காந்தத்தன்மை எலக்ட்ரான் கற்றையை இழுத்துக் குழப்பும். சின்னத் தகட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அப்புறம் தகட்டின் ஓரத்தில் கொஞ்சம் தங்கம் படிய விடுங்கள். ஏன் என்று கீழே வரும்.

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 200 கிலோவோல்ட், கேமரா நீளம் (மாதிரிக்கும் படத்துக்கும் இடையே உள்ளதாகக் கொள்ளும் தூரம்) 800 மில்லிமீட்டர். துளையால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அணுத்தளங்களில் பட்டு விளிம்பு விளைவால் விலகும் எலக்ட்ரான்கள் திரையில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகள் சமச்சீராகும் வரை மாதிரியைச் சாய்த்துப் படம் எடுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கடுத்த இடத்தில்தான். சதுரமாக அமைந்த புள்ளிகள் கிடைத்தன. மையத்திலிருந்து இரண்டாவது புள்ளியின் தூரத்தை முதல் புள்ளியின் தூரத்தால் வகுத்தேன், 1.414 வந்தது. 'பொருள்மையம், ஆகவே காமசைட்' என்று குறித்துவிட்டேன். தவறு! [001] திசையில், அதாவது கனசதுரத்தின் ஒரு பக்கத்தின் வழியே பார்த்தால் காமசைட்டில் 200-க்கும் 110-க்கும் (இந்த மூன்றிலக்கக் குறிகள் படிகத்தின் அணுத்தளங்களுக்கான பெயர்கள்) அதே விகிதம், டேனைட்டில் 220-க்கும் 200-க்கும் அதே விகிதம். விகிதம் மட்டும் எதையும் தீர்க்காது, உண்மையான இடைவெளி வேண்டும். காமசைட்டின் 110 தள இடைவெளி 2.03, டேனைட்டின் 200 தள இடைவெளி 1.79. மேலே சொன்ன அமைப்பில் மையத்திலிருந்து முதல் புள்ளி காமசைட்டுக்கு 9.9 மில்லிமீட்டரில் விழும், டேனைட்டுக்கு 11.2-இல்.

ஆனால் திரையில் காட்டும் கேமரா நீளத்தை அப்படியே நம்பக் கூடாது. மாதிரியின் உயரமும் லென்ஸ் மின்னோட்டமும் மாறினால் அதுவும் மாறும். தங்கம் இங்கேதான் உதவுகிறது. பல திசைகளில் கிடக்கும் அதன் குட்டிப் படிகங்களின் புள்ளிகள் சேர்ந்து வளையமாகத் தெரியும். அதன் 111 வளையத்துக்குரிய தள இடைவெளி 2.355 ஆங்ஸ்ட்ராம். அந்த வளையத்தின் ஆரத்தை 2.355-ஆல் பெருக்கி, உங்கள் புள்ளியின் தூரத்தால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும். தங்கமும் விண்கல்லும் ஒரே தகட்டில், ஒரே உயரத்தில் இருப்பதால் தனித் தங்கப்படலத்தைவிட இதையே நான் நம்புகிறேன். எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு இடையே அளந்து பாதியாக்குங்கள். அளக்க இமேஜ்ஜே (ImageJ) என்ற மென்பொருள் போதும், இலவசம்.

துளையை எல்லைமேல் வைத்தும் ஒரு படம் எடுங்கள். சரியான சாய்வில் டேனைட்டின் 111 புள்ளியும் காமசைட்டின் 110 புள்ளியும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக, 9.7, 9.9 மில்லிமீட்டரில் நிற்கும். அந்த இரு தளங்களும் இணையாக வளர்ந்ததால்தான் வெறும் கண்ணுக்கே அந்தக் கோலம் தெரிகிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்த படம் இதுதான்.

பின்சேர்க்கை: டேனைட்டின் விளிம்பில் 2.53 ஆங்ஸ்ட்ராமில் மங்கலான கூடுதல் புள்ளிகள் வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரும்பும் நிக்கலும் அடுக்கடுக்காக ஒழுங்குபட்ட டெட்ராடேனைட்டின் 110 அங்கேதான் விழும். ஆனால் மேற்பரப்புத் துருவில் உள்ள மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் 311-க்கும் அதே 2.53! 2.97-இலும் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேக்னடைட் இருக்கிறது, தகட்டை மீண்டும் சுத்தம் செய்துவிட்டு எடுங்கள். அங்கே எதுவும் இல்லாமல், வேறொரு சாய்வில் 3.58-இலும் கூர்மையான புள்ளி வந்தால் அது டெட்ராடேனைட்.