பீங்கான் படிப்பா? முதலில் இரண்டு உடைந்த டைல்ஸை வேகவையுங்கள்

போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர், ப்ளஸ் டூ முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். “இவ செராமிக் படிக்கணும்கிறா. பொம்மை செய்யுற படிப்புக்கு யாராவது நாலு வருஷம் காலேஜ் போவாங்களா? நீயே சொல்லு” என்றார். நான் விருத்தாசலத்துக்காரி. அந்த ‘பொம்மைப் படிப்பை’ ஊரிலேயே டிப்ளமாவாகப் படித்து, மின்கம்ப இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் சூளையடியில் நின்றவள். இப்போது புதுச்சேரி வில்லியனூர் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, தட்டும் கோப்பையும் செய்கிறேன். எந்தக் காலேஜ் என்று கேட்க வந்த அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் சொன்னது வேறு.

டைல்ஸ் கடைக்குப் போ. குளியலறைச் சுவருக்கு ஒட்டும் டைல்ஸில் ஒரு துண்டும், தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸில் ஒரு துண்டும் கேள். உடைந்ததுதான் மூலையில் கிடக்குமே, சும்மாவே கொடுப்பார்கள். இரண்டையும் நன்றாக வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள். அப்புறம் ஒரு பானைத் தண்ணீரில் போட்டு ஐந்து மணி நேரம் கொதிக்கவை. கேஸ் செலவுக்கு அம்மா திட்டினால் இரண்டு மணி நேரம் போதும், கணக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே தண்ணீரில் ஒரு நாள் ஊறட்டும். மறுநாள் எடுத்து, ஈரத்துணியால் மேல் நீரை ஒற்றிவிட்டு மறுபடி எடை போடு. கூடின எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கு. சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதத்தைத் தாண்டாது.

இரண்டும் மண்தானே, ஒன்று குடிக்கிறது, இன்னொன்று ஏன் குடிக்கவில்லை? இந்தக் கேள்வி ராத்திரி படுக்கும்போதும் மண்டையைக் குடைந்தால் நீ பொறியியல் பக்கம் போகலாம். (பதில் மண்ணோடு சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் இருக்கிறது. சூட்டில் அது உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடும்.) எடை, சதவீதம் எல்லாம் சலிப்பாக இருந்து, உடைந்த துண்டின் ஓரம், நிறம், கைக்குப் படும் சொரசொரப்பு இதிலேயே மனசு நின்றால் டிசைன் பக்கம் பார். இரண்டுமே இல்லையென்றால் கேஸ் செலவோடு போயிற்று, நாலு வருஷம் மிச்சம்.

பொம்மை என்று அக்கா சொன்னதற்கு வருகிறேன். இரும்பு உருகும் உலைக்கு உள்சுவர் வேண்டும், அது உருகக் கூடாது. அதற்கான ரிஃப்ராக்டரி செங்கல் செராமிக். பல் டாக்டர் வைக்கும் ஜிர்கோனியா கேப் செராமிக். கழிப்பறைக் கோப்பை, கார் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடம்பு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் இந்தக் குடும்பம்தான். தமிழ்நாட்டிலேயே ராணிப்பேட்டையில் சானிட்டரிவேர், சேலத்தில் மேக்னசைட் தாதுவும் ரிஃப்ராக்டரியும், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, ஓசூரில் தொழிற்சாலை செராமிக்ஸ் என்று வேலை இருக்கிறது. டைல்ஸ் என்றால் குஜராத் மோர்பிக்குப் போகத் தயாராக இரு.

அங்கெல்லாம் என்ன வேலை? என் வேலையில் ஒரு துளி சொல்கிறேன். சூளையிலிருந்து வரும் இன்சுலேட்டரில் விரிசல் இருந்தால், எப்போது விழுந்த விரிசல் என்று கண்டுபிடிக்க வேண்டும். விரிசலின் ஓரத்தைப் பார்ப்போம். மேல்பூச்சான கிளேஸ் ஓரத்தில் வழிந்து உருண்டு நின்றால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே விழுந்த விரிசல். காய்வதிலோ சூடேற்றுவதிலோ தப்பு நடந்திருக்கிறது. ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழித்தால், ஆறும்போது விழுந்தது. மண்கலவையில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் ஆறும்போது 573 டிகிரியில் திடீரென்று சுருங்கும், அந்த இடத்தில் அவசரப்பட்டுக் குளிரவிட்டிருக்கிறார்கள். உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ராத்திரி ஷிப்டில் அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றில் புளி கரைக்கும்.

படிப்புக்கு வழிகள் இவை. பத்தாவது முடித்தால் விருத்தாசலம் டிப்ளமா. பீங்கான் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், படிக்கிறபோதே சூளையைப் பார்க்கலாம். டிப்ளமாவுக்குப் பிறகு பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. ப்ளஸ் டூவுக்குப் பிறகு கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி இருக்கிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் கட் ஆஃப், கவுன்சலிங். ஜே.இ.இ. எழுதினால் ரூர்கேலா என்.ஐ.டி., காசி ஐ.ஐ.டி. காசியில் இந்தத் துறை 1924-லேயே தொடங்கியது. மேற்படிப்புக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதும்போது செராமிக்குக்குத் தனித்தாள் கிடையாது. பொறியியல் அறிவியல் தாளில் மெட்டீரியல் சயின்ஸ் பகுதியை எடுத்து எழுதுவார்கள், இதை மூன்றாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இன்று இந்தத் துறையில் இல்லை, அதையும் மறைக்கவில்லை. தூசியும் சூடும் ஷிப்டும் ஒத்துவராமல் போனார்கள். கம்பெனி பார்க்கப் போனால் முதலில் தூசியைப் பார். சிலிக்காத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுகிறார்களா, ஈரத்துணியால் துடைக்கிறார்களா? கூட்டுகிற இடத்தில் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் நான் சேர மாட்டேன்.

டிசைன் பக்கம் என்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) செராமிக், கண்ணாடி வடிவமைப்பு இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு, படம் போடும் கை வேண்டும். ஆனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு அதை மட்டும் சொன்னால் பாவம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் இன்று நாடு முழுக்க ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். ஆரோவில்லிலும் பட்டறைகள் உண்டு. வில்லியனூரில் சுடுமண் செய்கிற குடும்பங்களிடம் ஒரு வாரம் மண் மிதித்துப் பார், சான்றிதழ் வராது, கை வரும்.

டிசைன் என்றால் கணக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதே. பட்டறை தொடங்கின வருஷம் ஒரு ஓட்டலுக்கு மூடி போட்ட ஜாடி நாற்பது செய்தேன். சுட்ட பிறகு வாய் 8 செ.மீ. வேண்டும், மண் 12 சதவீதம் சுருங்கும். எட்டோடு பன்னிரண்டு சதவீதத்தைக் கூட்டி 8.96 என்று வைத்தேன். கூட்டக் கூடாது, எட்டை 0.88-ஆல் வகுக்க வேண்டும், 9.09 வரும். மூடியைச் சரியாக வகுத்திருந்தேன், ஜாடியை அவசரத்தில் கூட்டிவிட்டேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம், நாற்பது மூடியில் ஒன்றுகூட உட்காரவில்லை. பதினோரு வருஷம் சூளையடியில் நின்றவள் செய்த தப்பு இது. அதிலிருந்து புது மண் வந்தால் 10 செ.மீ. கோடு கீறிய மண் பட்டையைச் சுட்டு, கோட்டை அளந்த பிறகுதான் சக்கரத்தில் உட்காருகிறேன்.

நேற்று அந்தப் பெண் போனில் பேசினாள். “அத்தை, சுவர் டைல்ஸ் 212 கிராம் இருந்தது 246 ஆயிடுச்சு, பதினாறு சதவீதம். தரை டைல்ஸ் 305 இருந்தது 306. ஆனா சுவர் டைல்ஸ்ல கிளேஸ் இருக்கிற பக்கம் நனையவே இல்லை, பின்பக்கம் வழியாத்தான் குடிச்சிருக்கு, சரியா?” சரி என்றேன். இட்லிப் பானையில் வேகவைத்தாளாம். தேய்த்து வை, அம்மா வருவதற்குள்.