சம்பா மசூரியில் நோய் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்க்கும் முறை

தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று பலரும் அழைக்கும் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி, சன்ன அரிசிக்காகவே விரும்பிப் பயிரிடப்படுவது. பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாவது. இந்நோயை மருந்து தெளித்து முழுமையாக அடக்க முடிவதில்லை என்பதால், எதிர்ப்பைச் செடியின் மரபணுவிலேயே அமைத்துவிடுவதுதான் நிலையான வழி. ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து மூன்று எதிர்ப்பு மரபணுக்களைப் புகுத்தி உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளிவந்தது. மகரந்தக் கலப்பும், வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களான மூலக்கூறு குறிப்பான்களும் மட்டுமே கொண்ட அந்த முறையைப் பயிர்ப்பெருக்கம் பயிலும் மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ள வேண்டும். இலை நுனியிலிருந்து ஓரங்கள் அலை அலையாக மஞ்சளாகிக் கீழிறங்கினால் சந்தேகப்படலாம். சத்துக் குறைபாட்டிலும் நுனி காய்வதுண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கருகலும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இலையை நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் இட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சில நிமிடங்கள் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை நீரில் இறங்கினால் அது பாக்டீரியாவேதான்.

அடுத்து, புகுத்தப்போகும் மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கலப்பைத் தொடங்காதீர்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதையே சார்ந்திருக்கிறது. அந்த மூன்றில் முதலாவதான எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது, 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, 1995-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவை அடையாளம் காணும் ஏற்பிப் புரதத்தை அது உருவாக்குகிறது. அது ஓங்கு மரபணுவாதலால் ஒரே பிரதி இருந்தாலும் எதிர்ப்பு வெளிப்படும். எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள்; இரு பிரதிகளும் இருந்தால்தான் எதிர்ப்பு வெளிப்படும். நோய்க்கிருமி தன் உணவுக்காக நெல்லின் சர்க்கரைக் கடத்தி மரபணு ஒன்றை முடுக்கிவிடுகிறது. எக்ஸ்ஏ13-இல் அந்த மரபணுவின் முகப்புப் பகுதி மாறியிருப்பதால் கிருமியால் அதை முடுக்க முடிவதில்லை. எக்ஸ்ஏ5-இலோ, மரபணுக்களை இயக்கும் பொறியின் ஓர் உறுப்பு சற்றே மாறியிருப்பதால் கிருமியின் புரதம் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் போகிறது. ஒன்று காவல், மற்ற இரண்டும் கதவடைப்பு. எக்ஸ்ஏ4 என்ற ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பிப் பரவலாகப் பயிரிட்ட இரகங்களைப் பல இடங்களில் புதிய கிருமி வகைகள் வென்றுவிட்டன. மூன்றையும் சேர்த்தே வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கலப்புக்குச் சம்பா மசூரியைத் தாயாகக் கொள்ளுங்கள். பாதி வெளிவந்த கதிரில், மாலை வேளையில், ஒவ்வொரு பூவின் உமியிலும் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிரைக் காகித உறையால் மூட வேண்டும். மறுநாள் முற்பகலில் எதிர்ப்புள்ள தந்தைச் செடியின், அதாவது கொடையாளியின், மலர்ந்த கதிரை அதன்மேல் உதிர்க்க வேண்டும். கரு பிடித்தால், வெட்டிய உமியின் வாயில் பச்சை அரிசி தலை நீட்டுவதைச் சில நாள்களில் காணலாம். ஒரு மகரந்தப்பை தப்பினாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஆகவே முதல் தலைமுறைச் செடிகளையும் குறிப்பானால் சோதியுங்கள்.

பிறகு சம்பா மசூரியோடு திரும்பத் திரும்பப் பிற்கலப்பு செய்கிறோம். தாயின் மரபுப் பங்கு முதல் பிற்கலப்பில் சராசரியாக 75, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடாக உயரும். ஒவ்வொரு தலைமுறையிலும் மூன்று மரபணுக்களும் சேர்ந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். 99 விழுக்காடு உறுதியோடு ஒரு செடியாவது கிடைக்க 35 செடிகள் வேண்டும். ஒடுங்கு மரபணுக்கள் இந்த நிலையில் நோய்ச்சோதனையில் வெளிப்படவே மாட்டா. குறிப்பான் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை கூடுதலாகக் காத்திருக்க நேரும். எக்ஸ்ஏ21-க்கான பிடிஏ248 குறிப்பானை ஜெல்லில் ஓட்டினால், எதிர்ப்புள்ள வடிவம் ஏறத்தாழ 1000 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத்திலும் எதிர்ப்பற்றது 700-ஐ ஒட்டியும் பட்டையாகத் தெரியும். பிற்கலப்புச் செடியில் இரண்டும் இருக்க வேண்டும். மரபணுவின் இரு பக்கமும் உள்ள குறிப்பான்களையும் பார்த்து, கொடையாளியின் வேண்டாத துண்டு குறுகிய செடியையே தேர்ந்தெடுங்கள். அந்தத் துண்டோடு தடித்த அரிசியும் வந்து சேரக்கூடும். சன்ன அரிசிக்காகத்தானே இத்தனை உழைப்பும்.

கடைசியில் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும்போது மூன்றும் இரு பிரதிகளாக அமைவது 64-இல் ஒன்று. அதே 99 விழுக்காடு உறுதிக்கு ஏறக்குறைய 300 செடிகள் தேவை. நாற்றங்காலில் இடம் மிச்சப்படுத்த நினைத்து 100 செடிகளோடு நின்றுவிட்ட ஒரு பருவத்தில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று. அந்த எண்ணிக்கையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குறிப்பான் காட்டியதாலேயே எதிர்ப்பு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. கிருமிக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டி, 14 நாள்கள் கழித்துக் கருகலின் நீளத்தை அளவுகோலால் அளந்து, பக்கத்தில் வளர்த்த மூல இரகத்தோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்ஏ21 நாற்றுப் பருவத்தில் முழு வலுவோடு செயல்படுவதில்லை. தூர் கட்டி முடியும் பருவத்தில் சோதித்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

வெள்ளத்தைத் தாங்கும் சப்1ஏ மரபணுவையும் இதே வழியில் சேர்க்கலாம். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லிலிருந்து வந்த அது 2006-இல் இனங்காணப்பட்டது. 2009-இல் இந்தியாவில் வெளியான சுவர்ணா சப்1 வழியாக உழவர்களை அடைந்தது. காவிரிப் படுகைக்குரிய சிஆர் 1009 சப்1 இரகத்திலும் இருக்கிறது. மூழ்கிய சாதாரணச் செடி காற்றைத் தேடி நெடுநெடுவென வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தைக் கரைத்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்1ஏ அந்த வளர்ச்சியை அடக்கிவைப்பதால் செடி இரண்டு வாரம்வரை தாக்குப்பிடித்துப் பின் துளிர்க்கிறது. 14 நாள் வயதுள்ள நாற்றுகளைத் தொட்டியில் முழுவதுமாக 14 நாள் மூழ்கவைத்து, நீரை வடித்து, மேலும் ஒரு வாரம் கழித்துத் துளிர்த்தவற்றை எண்ணுங்கள். மாதக்கணக்கில் முழங்கால் அளவு நீர் தேங்கும் பள்ளக்கால்களுக்கு இந்த மரபணு உதவாது. அங்கே உயர்ந்து வளரும் இரகமே வேண்டும்.

தேர்ந்த செடிகளின் விதையைப் பெருக்கியதும், மூல சம்பா மசூரியை அடுத்த பாத்தியில் நட்டு, பூக்கும் நாள், உயரம், விளைச்சல், அரிசியின் நீள அகலம் ஆகியவற்றை ஒரே பருவத்தில் ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே அளவு நீரில் சமைத்தும் பாருங்கள். சோறு வேறுபட்டால், வேண்டாத துண்டு இன்னும் குறைந்த வரிசையைத் தேடி மீண்டும் ஒரு பிற்கலப்பு செய்ய வேண்டியிருக்கும்.