ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்பது எப்படி

நான் ஒரு பெண். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 11 வருஷமாக உதிரிபாகம் செக்கிங் செய்கிறேன். பக்கத்து மேஜைத் தம்பி கையிலும் அளவு பார்க்கும் அதே வெர்னியர், அதே டிராயிங். அவன் பே ஸ்லிப்பில் 'இன்ஸ்பெக்டர்', என்னுடையதில் 'ஹெல்பர்'. மாசம் 3,200 ரூபாய் வித்தியாசம். ஆறு வருஷம் இது தெரியாமலே உழைத்திருக்கிறேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

முதலில் பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் எந்தச் சம்பளத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கூட வேலை செய்யும் ஆண்களிடம் சம்பளத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். டீ நேரத்தில் கேட்டதும் அந்தத் தம்பி போனிலேயே காட்டிவிட்டான்.

அடுத்து ஒரு நோட்டு போடுங்கள். இதில்தான் எல்லாமே இருக்கிறது. பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்: இன்று எத்தனை பீஸ், ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து, புதுசாக வந்தவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார். ரெண்டும் ஒரே வேலையா என்று முடிவு செய்ய, திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைத்தான் சட்டம் பார்க்கிறது. பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாத வித்தியாசங்கள் கணக்கில் வராது. "அவங்க பெட்டி தூக்குறாங்கம்மா" என்றார் எங்கள் சூப்பர்வைசர். அந்த மாசம் ஆண்கள் தூக்கியது ரெண்டே நாள், தேதியோடு எழுதி வைத்திருந்தேன்.

பிறகு எச்.ஆருக்குத் தமிழிலேயே கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. நாலைந்து பேராகக் கையெழுத்துப் போடுங்கள், தனியாக நின்றால் ஷிப்டை மாற்றியே விரட்டிவிடுவார்கள்.

கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது என்பார்கள். 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், பெண் ஸ்டெனோக்களுக்குக் குறைவாகக் கொடுக்க அந்தக் காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண்கள் சம்பளத்தைக் குறைத்துச் சமமாக்கவும் கூடாது. 1976 சம ஊதியச் சட்டத்தில் இருந்த அந்தத் தடை 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

பதில் வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறைக்குப் போங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

எனக்குப் பதவிப் பெயர் மாற ஐந்து மாசம் ஆனது. பழைய பாக்கிக்குத் தனியாக மனு போட்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 18-ந்தேதி விசாரணை. மூன்று நோட்டும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.