கொழும்பில் வீட்டிலிருந்தே இணையச் சந்தையில் விற்கத் தொடங்குதல்

கொழும்பில் பலர் முதலில் போவது இக்மன் என்ற விளம்பரத் தளத்துக்கு. அங்கே விளம்பரம் மட்டும்தான். பேரம், பணம், ஒப்படைப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. டராஸ் போன்ற சந்தையில் தரகு எடுப்பார்கள், ஆனால் கூரியரும் பணவசூலும் அவர்கள் வழியாகவே நடக்கும். புதியவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

1. பொருள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கிய தொலைபேசி உறையை விற்கப் போகாதீர்கள். அதே உறையை நூறு பேர் விற்கிறார்கள், விலையைக் குறைப்பதைத் தவிர வேறு போட்டி இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, புடைக்கும் சுளகு, ஓலைக் கூடையான கடகம் எடுப்பிக்கிறேன். வெள்ளவத்தையில் புட்டு அவிக்கும் வீடுகள் இருக்கும்வரை இவற்றைத் தேடி வருவார்கள்.

2. பெயரும் இலக்கமும்

நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். அடையாள அட்டையில் தந்தை பெயரும் உங்கள் பெயரும் முழுதாக இருக்கும். வங்கிப் புத்தகத்திலோ தந்தை பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கியிருக்கும். இரண்டையும் ஒப்பிடும் கணினிக்கு அவை இரு வேறு ஆட்கள். விற்ற பணம் கணக்குக்கு வராமல் நிற்கும்.

அட்டை இலக்கத்திலும் இதே தொல்லை. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். 1985இல் பிறந்தவருக்கு 85 என்று தொடங்கிய பழைய இலக்கம் புதிய முறையில் 1985 என்று தொடங்கும், பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும். வங்கியில் பழையதும் விற்பனையாளர் கணக்கில் புதியதுமாக இருந்தால் மறுபடியும் சிக்கல்.

ஆகவே பதிவு செய்யும் முன்னரே அட்டையுடன் வங்கிக்குப் போய் முழுப்பெயரையும் இலக்கத்தையும் திருத்தச் சொல்லுங்கள். பிறகு வங்கியில் உள்ளபடியே, புள்ளியும் இடைவெளியும் மாறாமல், நிரப்புங்கள்.

3. விலை

கொள்விலை 600 ரூபாய், பெட்டியும் டேப்பும் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய்க்கு விற்றால் 110 மிஞ்சும் என்று தோன்றும். தரகு 10 சதவீதம் என்றால், விற்பனை விலையில் கணக்கிட்டு 80 ரூபாய் போய்விடும். கையில் 30.

அடுத்தது கன அளவு எடை, அதாவது பெட்டியின் பருமனை எடையாக மாற்றிக் கூரியர் கட்டணம் போடுவது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 30, 30, 25 அளவுள்ள அட்டைப்பெட்டிக்கு 4.5 கிலோ வரும். உள்ளே இருக்கும் ஓலைக் கடகம் அரைக் கிலோகூட இருக்காது. அந்தக் கட்டணத்தை வாங்குபவர் கட்டினாலும், பார்த்தவுடன் விலகிவிடுவார். கடகங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மூன்றாகச் சேர்த்து விற்றால் அதே பெட்டியில் மூன்றும் போய்ச் சேரும்.

இந்தக் கணக்குக்குச் செயலி எதுவும் வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) போதும், ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள். செயலிக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்குங்கள்.

4. படம்

காலை வெளிச்சம், ஜன்னலோரம், பின்னணிக்கு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் அட்டை. ஒரு படத்திலாவது பொருளைக் கையில் பிடித்துக் காட்டுங்கள், அளவு புரியும். தலைப்பைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை

வியாபாரப் பதிவு கட்டாயமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொந்த முழுப்பெயரில் விற்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் தேவை. பிரதேச செயலகத்துக்குப் போகும் முன் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைக்காரர்கள் போகவேண்டியது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்.

இன்னொருவருக்குத் திரும்பி வந்த பொதியில் வேறு பொருள் இருந்ததாம். பொதி கட்டும்போதும், திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும், கூரியர் சீட்டு தெரியும்படி இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முறைப்பாட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.