கத்திரி தொடங்கும் முன் வீட்டைச் சோதித்துவிடுங்கள்

சித்திரை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டைச் சோதிப்பதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எலக்ட்ரீஷியன் எளிதில் கிடைப்பதில்லை. வெக்கையில் எதையும் பொறுமையாகப் பார்க்க நமக்கும் மனம் வருவதில்லை.

முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பாதி நாள் அதற்கே போனாலும் தவறில்லை. 1.5 டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுக்கிறது. மின்விசிறிக்கும் டிவிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் பாயின்டும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அந்தச் சுமைக்கு ஏற்றவை அல்ல. ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, சுமை மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சையும் தனியாக வைப்பதே முறை. பிளக்கின் பின் தளர்ந்திருக்கும் இடத்தில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் பிடிப்பு மேலும் தளரும். ஒருநாள் அது தீயில் முடியும்.

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாட்களாக மீன் வாடை போன்ற ஒரு நெடி வந்துகொண்டிருந்தது. நாங்கள் மீன் சமைக்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணெல்லாம் தேடினோம். கடைசியில் ஃபிரிட்ஜையும் ஏர் கூலரையும் சேர்த்துச் செருகியிருந்த பாக்ஸிலிருந்து பிளக்கை உருவியபோது, பின்களில் ஒன்று கறுத்திருந்தது. அதன் அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பு வளையமாகப் படிந்திருந்தது. மின்சாதனப் பிளாஸ்டிக் சூடேறிக் கருகத் தொடங்கும்போது இத்தகைய வாடை வரும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே, ஏசி, கூலர், மோட்டார் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் அதை மாற்றும்வரை பயன்படுத்தக் கூடாது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய ஆம்பியர் எம்.சி.பி.யைப் போட்டுவிடும் வழக்கம் மிக ஆபத்தானது, ஏனெனில் அது விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்குள் இருக்கும் வயர் வெந்துகொண்டிருக்கும்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று எர்த் குழி. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய முறைக் குழியில் மண்ணின் ஈரம் வற்றினால், கசியும் மின்சாரம் பூமிக்குள் இறங்கும் வழி அடைபடத் தொடங்கும். கோடை முழுவதும் வாரத்துக்கு ஓரிரு முறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள் சொல்லித்தந்த பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; உடனே விழ வேண்டும். தகர உடல் கொண்ட ஏர் கூலரில் தண்ணீர் ஊற்றும்போது, சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாமல் பிளக்கையே கழற்றிவிட வேண்டும். ஈரக் கையும் ஈரத் தரையும் வெறுங்காலும் ஒன்றுசேரும் வேளை அது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். 5 ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரவில் படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டு நாட்களில் காலியாக இருக்கிறதே என்று சம்பை, அதாவது தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியை, கழுவ இறங்குகிறோம். நெடுநாள் மூடிக் கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கலாம்; உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம். கூடியவரை இறங்காமல், மேலிருந்தே நீண்ட பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கு நீரை மோட்டார் வைத்து வெளியேற்றுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் உடனே தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பிடித்து வைக்கும் குடங்களையும் டிரம்களையும் மூடி வைத்து, வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அவை போகா.

புழுக்கத்துக்காகத் தரையிலும் திண்ணையிலும் பாய் விரித்துப் படுக்கும் கிராமத்து வீடுகளில் நான் மிகவும் அஞ்சுவது கட்டு விரியனைத்தான். இரவில் நடமாடும் இந்தப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்று வலி என்றும், கண் இமை தூக்க முடியவில்லை என்றும் சொல்வார். கட்டிலில் படுப்பதும், தரையில் படுத்தே ஆக வேண்டுமென்றால் கொசுவலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுவதும் நல்ல பாதுகாப்பு. எலி வராதபடி நெல் மூட்டைகளையும் விறகையும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். தரையில் படுத்தவர் அத்தகைய அறிகுறிகளோடு எழுந்தால், கடித்த தடம் தெரியவில்லை என்று காத்திராமல், கயிற்றால் கட்டாமல், கீறாமல், அவரை நடக்கவும் விடாமல், 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.